குறைந்த அளவு என்றார்கள்

என் தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், நடந்ததையெல்லாம் தள்ளி நின்று பார்த்தவள்போல ஆகிவிடும்.

விருதுநகரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் அவன் சில வருஷம் இருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆர்.கே.புரத்தில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அவனைவிட எட்டு வயது மூத்தவள். இங்கே வந்துவிடு என்றேன், வந்தான். என் செக்ஷனில் இருந்த பஞ்சாபிக்காரர் ஒருவரின் மைத்துனருக்கு மேற்குத் தில்லியில் பழைய இரும்புக் கடை இருந்தது. லாரியில் வரும் சாமானைத் தராசில் ஏற்றி எடை குறிக்க நம்பிக்கையான ஆள் தேவை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாளே தம்பியை பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அவனுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. கார் கதவு, ஆஸ்பத்திரிக் கட்டில், தையல் மெஷின், ஃபேன் மோட்டார் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும் சந்தை அது. மூன்று மாதத்தில் இந்தி பேசினான். ஆறு மாதத்தில், தட்டிப் பார்த்தே இது பித்தளை, இது வெண்கலம் என்று சொன்னான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவான். அப்படியும் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு போகாது.

அவனுக்கு இருபத்தெட்டு வயதானபோது, ஒரு ஏப்ரல் மாதத்தில், பக்கத்துக் கடையில் ஒரு பழைய இயந்திரத்தைப் பிரித்தார்கள். அதற்குள்ளிருந்த உலோகத் துண்டுகள் வழக்கமான இரும்புபோல இல்லையாம். அங்கே இருந்தவர்கள் கையில் எடுத்துப் பார்த்தார்கள், வெட்டிப் பார்த்தார்கள், பிறகு சுவர் ஓரமாகப் போட்டுவிட்டார்கள். சில நாளில் அந்தக் கடைக்காரருக்கு வாந்தி. வேலையாட்களுக்குக் கை கறுத்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தோல் வியாதி என்று நினைத்து யாரோ களிம்பு கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தது கதிர்வீச்சு உள்ள பொருள் என்று தெரியவந்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு நான் ஆபீசில் ஒரு பதில் கடிதத்துக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, கடைய அடைக்கச் சொல்லிட்டாங்க. போலீஸ் கயிறு கட்டியிருக்காங்க. முகமூடி போட்ட ஆளுக வந்து என்னமோ அளக்குறாங்க. நான் வர லேட்டாகும்."

அவன் குரலில் பயம் இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் மாறிப் போனேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போக விடவில்லை. டி.வி.க்காரர்களின் வேன்கள் நின்றன. தெருவில் இருந்த வேலையாட்களை வரிசையில் நிறுத்தி, ஒருவர் சின்ன மீட்டரைத் தலையிலிருந்து கால்வரை நகர்த்திக்கொண்டு வந்தார். சிலரிடம் அது சத்தம் போட்டது. அவர்களைத் தனியாக அழைத்துப் போனார்கள். தம்பியிடம் வந்தபோது சத்தம் இல்லை. கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடி, கையை ஆட்டிச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் சட்டையிலும் தோலிலும் அந்தப் பொருளின் தூள் ஒட்டவில்லை என்பது மட்டும்தான் அந்த மௌனத்தின் அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உடம்புக்குள் புகுந்து வெளியே போன கதிரை அந்த மீட்டர் காட்டாது.

பக்கத்துக் கடை ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். மற்றவர்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். தம்பியைப்போல அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஒரு பட்டியலில் பெயர் எழுதினார்கள். அவன் மேல் எவ்வளவு பட்டிருக்கும் என்று கணக்கிட இரண்டு பேர் கடைக்கு வந்து, தராசுக்குப் பக்கத்தில் இருந்த அவன் நாற்காலிக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்தார்கள். அந்தச் சுவரின் மறுபுறம்தான் அந்தத் துண்டுகள் கிடந்தன. அளந்து முடித்த பிறகு அவனுக்கு ஒன்று நினைவு வந்தது. வெயில் ஏறியதும் நாற்காலியை இழுத்துச் சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொள்வான். சாப்பிட்டபின் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் கண்ணயர்வான். அதைச் சொன்னான். தினமும் எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். வெயிலைப் பொறுத்தது என்றான். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு ஓர் எண்ணை எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து எங்களை ஒரு டாக்டர் கூப்பிட்டார். இளம்பெண். பொறுமையாக, ஆங்கிலத்தில், அரைமணி நேரம் என்னிடம் விளக்கினார். தம்பி மேல் பட்டது குறைந்த அளவு. இப்போது உடம்புக்கு எதுவும் வராது. பிற்காலத்தில், பத்து வருஷமோ இருபது வருஷமோ கழித்து, புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று கேட்டேன். இப்படிப் பட்டவர்கள் ஒரு பெரிய கூட்டமாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் கூடுதலாகச் சிலருக்கு வரும் என்று மதிப்பிடலாம் என்றார். இந்த ஒருவருக்கு வருமா என்று சொல்ல முடியாது. நாளைக்கு வந்தாலும், இதனால்தான் வந்தது என்றும் சொல்ல முடியாது. எதனால் வந்தாலும் கட்டி ஒரே மாதிரிதான் இருக்கும். இவ்வளவு குறைந்த அளவு என்ன செய்யும் என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்றும் சொன்னார். நேர்மையான பெண். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான், என்ன சொன்னாங்க என்று.

"பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க."

"ரொம்ப நேரம் பேசினாங்களேக்கா."

"டாக்டர்னா அப்படித்தான். வா, பஸ் வருது."

அலுவலகத்தில் பத்து பக்கக் கோப்பை ஒரு வரியாகச் சுருக்கி மேலே அனுப்புவது என் தொழில். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை அவன் என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டான். மெல்ல மெல்ல, அகராதியை வைத்து, தானே படித்தான். ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நீண்டகாலக் கண்காணிப்பு என்றால் எத்தனை வருஷம் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அதில் எழுதியிருக்கவும் இல்லை.

அவன் அந்தச் சந்தைக்குத் திரும்பிப் போகவில்லை. கரோல் பாகில் குழாய், பூட்டு, தாழ்ப்பாள் விற்கும் கடை ஒன்றில் சேர்ந்துகொண்டான். முதல் இரண்டு வருஷம் ஏப்ரலில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்றாவது வருஷம் வரவில்லை. நாங்களே போனோம். கவுண்டரில் இருந்தவர் அப்படி ஒரு பட்டியல் தன்னிடம் இல்லை என்றார். எல்லாரையும்போல வெளிநோயாளி சீட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு வருஷாவருஷம் ஏப்ரலில் நான் அரை நாள் லீவு போடுவதும், அவன் ஒரு புது டாக்டரிடம் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்வதும் வழக்கமாயிற்று. பாதி டாக்டர்களுக்கு அந்தச் சம்பவமே தெரியாது. ரத்தம் நார்மல் என்று வரும். அவன் முகம் ஒரு நாளைக்குத் தெளிவாக இருக்கும். மறுநாள் வாய்ப்புண்ணோ, கொசு கடித்த தடிப்போ ஏதாவது ஒன்றைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முப்பது வயதில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றேன். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நின்றான். பெண்ணின் அப்பா தில்லிக்கே வந்து, அந்தக் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, பிறக்கிற பிள்ளை நல்லபடியா இருக்குமா என்று என்னிடம் கேட்டார். டாக்டர்கள் தடை சொல்லவில்லை என்றேன். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ரயில் ஏறினார். பிறகு போனை எடுக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் அமைந்தாள். மோதி பாக்கில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இந்தி டீச்சர். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: உங்களுக்கு பயமா இருக்கா? இருக்கிறது என்றான். அச்சா, அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம் என்றாளாம். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேரும் என் குவார்ட்டர்ஸிலேயே இருந்தோம்.

மறு வருஷம் அவள் உண்டானாள். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. இது பலருக்கும் நடப்பதுதான், அவருடைய பழைய விஷயத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று லேடி டாக்டர் அழுத்திச் சொன்னார். தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து, இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவள் ஒரு வருஷம் கெஞ்சினாள். என்னையும் அவனிடம் பேசச் சொன்னாள். பேசினேன். "நான் உக்காந்திருந்த நாற்காலியில பிள்ளையும் வந்து உக்காரணுமாக்கா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் நோட்டுத் திருத்துவாள். திருத்த நோட்டு இல்லாத நாட்களில் வீட்டைத் துடைப்பாள்.

அவனுடைய பயம் வேறு ஒரு பக்கமும் திரும்பியது. கதிர் என்று பெயருள்ள எதையும் உடம்பில் பட விடமாட்டான். ஏற்கெனவே ஒரு பங்கு வாங்கியாயிற்று, இனி ஒரு துளியும் கூடாது என்பது அவன் கணக்கு. மெட்ரோ ஸ்டேஷனில் பையைப் போடும் ஸ்கேனரிலிருந்து நாலடி தள்ளி நிற்பான். பையை என்னையோ அவளையோ வைக்கச் சொல்வான். ஒரு மழைநாளில் கடை வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். யாரோ ஒரு நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கோணலாகக் கூடி, அந்தக் கை முழுதாகத் திரும்பாமல் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு விசித்திரமாக எடுத்துக்கொண்டு, சிரித்துக்கூட இருக்கிறோம்.

அந்தச் சம்பவம் நடந்து பதினாலாவது வருஷம், நவம்பரில் அவனுக்கு இருமல் வந்தது. நவம்பரில் தில்லியில் யாருக்குத்தான் இருமல் இல்லை. எதிர்க் கட்டிடம் தெரியாத புகை. என் ஆபீசில் ஒரு வரிசை முழுக்க இருமிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஜனவரியில் எல்லார் இருமலும் நின்றது. அவனுடையது நிற்கவில்லை. டிஸ்பென்சரி டாக்டர் மார்பு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கஷாயம் குடித்தான், மஞ்சள் பால் குடித்தான், அடுத்த டாக்டரிடம் போனான், அவரும் எக்ஸ்ரே எழுதினார். எக்ஸ்ரே இல்லாமல் பார்க்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னான்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த எக்ஸ்ரேயில் எதையாவது பார்த்துவிடுவோமோ என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது. ஏப்ரல் கடைசியில் கைக்குட்டையில் ரத்தம் வந்தபோதுதான் போனோம். நுரையீரலில் கட்டி. இடுப்பு எலும்புக்கும் வந்திருந்தது. ஜனவரியில் வந்திருந்தால் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, ஒருவேளை வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்றார். ஒரு நாளும் பீடி, சிகரெட்டைத் தொடாதவன். நாற்பத்திரண்டு வயது.

இது அதனால்தானா என்று அவரிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு இந்தியில் பேசினார். இந்த ஊர்க் காற்றாக இருக்கலாம். இரும்புக் கடைத் தூசியாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து பிறர் விட்ட புகையாக இருக்கலாம். நீங்கள் சொல்வதும் அதில் ஒரு பங்கு சேர்த்திருக்கலாம். எதுவுமே இல்லாமலும் வருகிறது, புகைக்காத பெண்கள் இதே வார்டில் இருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் இல்லை, இருந்தாலும் மருந்து மாறாது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அந்த இளம் டாக்டர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் மறுபடி கேட்டதுபோல இருந்தது.

நோய் விவரத் தாளில் ஒரு ஜூனியர் டாக்டர், வேலையிடத்தில் கதிர்வீச்சு பட்டதுண்டா என்ற கேள்விக்கு எதிரே இல்லை என்று போட்டிருந்தார். அவசரத்தில் போட்டதுதான், அவருக்கு முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். தம்பி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, அந்த இடத்தில் விரலை வைத்தான்.

"அக்கா, இத மட்டும் மாத்தச் சொல்லுக்கா."

மாற்றினால் என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவில்லை. பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தேன். அது நைந்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. முத்திரை தெரியவில்லை. கடைசியில் அந்த ஜூனியர் டாக்டரே இரக்கப்பட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு வரி சேர்த்தார்: பல வருஷங்களுக்கு முன் குறைந்த அளவு கதிர்வீச்சுக்கு ஆளானதாக நோயாளி கூறுகிறார். தம்பி அதைப் படித்துவிட்டுத் திருப்தியோடு தலையணையில் சாய்ந்தான். முப்பது வருஷம் அரசாங்கக் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஒரு விஷயத்தைப் பொறுப்பேற்காமல் பதிவுசெய்ய வேண்டுமென்றால் நாங்களும் இப்படித்தான் எழுதுவோம். அதை அவனிடம் சொல்லவில்லை.

இடுப்பு வலி தாங்க முடியாமல் போனபோது கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கலாம் என்றார்கள். வியாதியை நிறுத்த முடியாது, வலி குறையும். நான் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அவனே கேட்டான்.

"அதேதானாக்கா?"

"அதேதான். ஆனா வலிக்கிற எலும்புல மட்டும் படுற மாதிரி குடுப்பாங்களாம்."

"அன்னைக்குப் பட்டத விடக் கம்மியா?"

இந்தத் தடவை சுருக்கவில்லை. டாக்டரிடம் கேட்டு வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். கம்மி இல்லை, பல மடங்கு அதிகம். ஒரே நாளில் கொடுப்பதே, அன்றைக்கு இரண்டு வாரத்தில் பட்டதாகக் கணக்குப் போட்டதைவிட எவ்வளவோ அதிகம்.

அவன் கோணல் கையைத் தூக்கி முன்னால் வைத்துப் பார்த்தான்.

"அப்ப பதினாலு வருஷமா நான் எதுக்குக்கா பயந்தேன்?"

அவன் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். குழந்தையைப் பற்றித்தான் அவள் நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அந்தச் சிகிச்சையைப் பத்து நாள் கொடுத்தார்கள். சில வாரம் வலி இல்லாமல் தூங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார்ந்து கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு சாப்பிட்டான். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டிசம்பரில் மறுபடி புகை கவிந்தபோது வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தோம். ஜன்னலைத் துணியால் அடைத்தோம். வெளியே அவ்வளவு காற்று இருந்தும் அதில் ஒரு மூச்சுக்கூட அவனுக்கு லாயக்காக இல்லை. ஜனவரி இரண்டாவது வாரம், காலை பத்து மணிக்கு, அவன் மனைவி பல் தேய்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். நான் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. நான் டம்ளரோடு உள்ளே போனபோது அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

சடங்கெல்லாம் முடிந்தபின் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அந்தப் பட்டியலில் அவன் பெயர் எங்கேயோ இருக்கும். அதற்கு எதிரே உயிரோடு இருக்கிறார் என்றுதானே இருக்கும். கூட்டத்தை வைத்துத்தான் கணக்குச் சொல்ல முடியும் என்றால், அந்தக் கூட்டத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று யாராவது எண்ண வேண்டும் அல்லவா? ஒரு கடிதம் எழுதினேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் கடிதம் எழுதியிருக்கிறேன், இதற்குத்தான் நாலு நாள் ஆயிற்று. அவன் பெயர், வயது, எந்தக் கடையில் என்ன வேலை, என்ன வியாதியில் எப்போது இறந்தான், தயவுசெய்து பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும். வேறெதுவும் கேட்கவில்லை. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால் மூன்று இடத்துக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து, தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று அச்சடித்த அட்டை வந்தது. அந்த அட்டையை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன். உரிய பிரிவு என்று ஒன்று இல்லாதபோதும் அனுப்பியிருக்கிறேன்.

போன ஏப்ரலில், அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த அரை நாள் லீவை வழக்கம்போல எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதிய பிறகுதான் போக இடமில்லை என்று உறைத்தது. பஸ் ஏறி அந்தச் சந்தைக்குப் போனேன். பட்டியலில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி இருந்த கடையில் இப்போது கார் கண்ணாடி விற்கிறார்கள். புது ஆட்கள், யாருக்கும் பழைய கதை தெரியவில்லை. அந்த வேலையாட்கள் எல்லாம் பீகாருக்கும் கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்கும் எப்போதோ போய்விட்டார்கள், விலாசம் யாரிடம் இருக்கும் என்றார் கல்லாவில் இருந்தவர். கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று கை காட்டினார்.

அறுபது வயதைத் தாண்டியவர். வண்டிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையிலேயே சுமை ஏற்றி இறக்கியவராம். அந்தத் துண்டுகளைச் சுவர் ஓரமாகத் தூக்கிப் போட்டது தானே என்று சாதாரணமாகச் சொன்னார். இடது கையைக் காட்டினார், இரண்டு விரல் மடங்காது, தோல் வழவழவென்று வெளுத்திருந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாராம். அதற்குப் பிறகு ஒரு டாக்டரிடமும் போனதில்லை, போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை. நன்றாக மூச்சு விட்டார். நன்றாக இருந்தார்.

தராசுக்காரரின் அக்கா என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மதராஸி தம்பியா, எடையில் ஒரு கிலோ கூட ஏமாற்ற மாட்டானே என்றார். எங்கே இருக்கிறான் என்று கேட்டார்.

"காவ்ன் சலா கயா, பையா," என்றேன். ஊருக்குப் போய்விட்டான், அண்ணா.

நல்லது, இந்த ஊர்க் காற்றில் எதற்கு இருக்க வேண்டும் என்றார். பிறகு பீடியை அணைத்துவிட்டு, அவனுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னார். அந்த நாட்களில் மிகவும் பயந்துபோயிருந்தானாம். ஆஸ்பத்திரி வரிசையில் இவர் கையைப் பார்த்துவிட்டு அழுதானாம். "அவன்கிட்ட சொல்லுங்க பஹன்ஜி, அதைத் தூக்கிப்போட்ட எனக்கே ஒண்ணும் ஆகலே. அவன் பயப்பட வேண்டாம்."

சொல்கிறேன் என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் விழுங்கிவிட்டேன். சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவன் மனைவியிடம் சொன்னேன். இப்போதும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அவரு நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார்."

"அச்சா." தாளின் ஓரத்தில் மதிப்பெண்ணைப் போட்டாள். "இவரும் பின்னால ஒரு நாள் அவரைப் போய்ப் பார்த்திருக்கலாம் அக்கா. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தா போதும். மதலப், அதாவது, எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்திருப்பாரு."

பிறகு அடுத்த தாளை எடுத்தாள். இனிமேல் அங்கே போகாதீர்கள் என்று தலை நிமிராமலே சொன்னாள். நான் போகவில்லை. மற்ற இரண்டு அலுவலகங்களிலிருந்தும் இன்றுவரை ஒரு பதிலும் வரவில்லை.